காலி

பீல் நகரம். மாலை ஐந்தேகால். வெளியே மழை.
மொழிபெயர்ப்பாளர் நடுவில் இருக்கக்கூடாது,
முக்கோணமாக இருக்கவேண்டும் என்று
பயிற்சியில் சொல்லித் தந்தார்கள்.
பள்ளிக்கூட மேசை நீளம். நடுவில்தான் கதிரை.

வலப்பக்கம் பிராவ் ஏகர்ட்டர், பச்சைக் கோப்போடு.
இடப்பக்கம் பரஞ்சோதி,
மதியச் சமையலுக்கும் இரவுச் சமையலுக்கும் நடுவில் ஓடி வந்தவர்.
அவருக்கு அப்பால் நிருசா,
பதினைந்து வயது, இரண்டு மொழியும் தெரிந்தவள்.
பிள்ளையைக் கொண்டு மொழிபெயர்ப்பிக்கக்கூடாது என்பது சட்டம்.
அந்தச் சட்டத்தில்தான் என் வீட்டு வாடகை.

ஆசிரியை சொன்னார்: லேர.

தொழிற்பயிற்சி என்றேன்.
ஊரில் அது சோதனை தவறியவர்கள் போகும் இடம்.
வேலை பழகுவது என்று மாற்றினேன்.
கராஜ் வாசலில் எண்ணெய்த் துணியோடு ஒரு பெடியன்
என் வாயிலிருந்தே எழும்பி வந்தான்.
பிறகு, மூன்று வருடம்,
கிழமையில் நாலு நாள் கம்பனி, ஒரு நாள் பள்ளி,
மாதச் சம்பளம், முடிவில் அரசாங்கச் சான்றிதழ் என்று
ஒரு சொல்லை ஒரு பந்தியாக இழுத்தேன்.

அதற்குள் பரஞ்சோதியின் முகம் கறுத்துவிட்டது.
இருபத்திரண்டு வருடமாக அவருக்குத் தெரிந்த லேர்
காலிப் போத்தல், காலிப் பெட்டி,
எண்ணெய் முடிந்த தகரம்.
எழுதினால் ஓரெழுத்து வித்தியாசம்.
குசினியில் யார் எழுதுகிறார்கள்?

"என்ர பிள்ளையின்ர தலை காலி எண்டோ
இவ சொல்லுறா?"

நிருசா சிரித்துவிட்டாள்.
தகப்பன் திரும்பிப் பார்த்ததும்
சட்டைக் கைக்குள் வாயை வைத்தாள்.
சொல்லப்படுவதெல்லாம் மொழிபெயர்க்கப்பட வேண்டும் என்பதால்
அதையும் சொன்னேன்.
பிராவ் ஏகர்ட்டர் சிவந்து, எழுந்து,
கரும்பலகையில் இரண்டு சொல்லையும் எழுதினார்.
ஒன்றன்கீழ் ஒன்று.
பரஞ்சோதி இரண்டையும் வாசித்தார்,
பற்றுச்சீட்டை வாசிப்பதுபோல.

கோப்பில் மின்கம்பனியின் தாள் ஒன்று.
நிருசா அங்கே ஐந்து நாள் வேலை பார்த்திருந்தாள்.
கேள்வி கேட்கிறாள் என்று எழுதியிருந்தார்கள்.
கம்பத்தின் பாதியில் நின்று கீழே பார்த்தாள், இறங்கவில்லை.
பின்னேரம் கருவிகளைத் துடைத்து வைத்தாள், யாரும் சொல்லவில்லை.

"எனக்கு மூன்று புள்ளி குறைஞ்சது," என்றார் அவர்,
யாரையும் பாராமல்.
"எதில் மூன்று?" என்றார் ஆசிரியை.
வெட்டுப்புள்ளி என்பதை எப்படிச் சொல்வது?
மூன்று புள்ளியால்
ஒரு மனிதன் பீல் வரைக்கும் வருவான் என்பதை?
நான் பரீட்சை என்று மட்டும் சொன்னேன்.
விலங்கியலில் எனக்கு முதல் வகுப்பு.
மண்புழுவின் ஐந்து சோடி இதயத்தையும் வரைவேன்.
இந்த நாட்டில் அந்தத் தாளுக்குச் சமானம் இல்லை,
கடிதம் வைத்திருக்கிறேன்.

பாதை அடைபடாது, பின்னால் பொறியியலும் படிக்கலாம் என்றார் ஆசிரியை.
பரஞ்சோதி என்னிடம் மெதுவாகச் சொன்னார்:
"கேளுங்கோ. டொக்டர்மாரின்ர பிள்ளையளுக்கும்
இதைத்தான் சொல்லுறவவோ?"

கேட்டேன். குரலைக் கொஞ்சம் மழுக்கித்தான் கேட்டேன்.
அவர் யன்னலைப் பார்த்தார்.
"இந்த வருடம் ஒருவன். தச்சுவேலைக்கு.
தாய் இன்னும் என்னோடு பேசுவதில்லை."

நேரம் முடிந்துகொண்டிருந்தது.
பரஞ்சோதி கடைசியாகக் கேட்டது
மகளைத்தான், தமிழில்:
"மழை பெய்தா?"
"மழை பெய்தாத்தானே அப்பா கரண்ட் போகும்.
அப்பதான் எங்களைக் கூப்பிடுவினம்."

எங்களை.
அதை மொழிபெயர்க்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

அவர் கையெழுத்து வைக்கவில்லை.
தாளை நாலாக மடித்து
வேலைச் சட்டையின் உள்பையில் வைத்துக்கொண்டு
ஆறு மணிக்குள் ஓடினார்.
நேரப்பட்டியலில் ஐம்பத்தைந்து நிமிடம் என்று எழுதினேன்.
சிறப்புக் குறிப்பு: இல்லை.

ஸ்டேஷன் வளைவில் ட்ராலிபஸ்ஸின் தடி
கம்பியிலிருந்து கழன்றுவிட்டது.
விளக்கு அணைந்து எல்லாரும் போனை எடுத்தார்கள்.
சாரதி மழையில் இறங்கி, பின்னால் போய்,
கயிற்றைப் பிடித்து, அண்ணாந்து,
இரண்டுமுறை தவறி,
மூன்றாம் முறை வைத்தாள்.